ஒரு ஆம்ப்யூலில் எவ்வளவு மருந்து?

இந்த ஆண்டு முதன்முதலாக வார்டு டியூட்டிக்கு வந்திருக்கும் செவிலியர் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

34 ஆண்டு சீருடை போட்டு, அதில் கடைசிப் பத்து ஆண்டு உங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பெடுத்துவிட்டு, இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "பிளஸ் ஒன் வேதியியலில் மோலாரிட்டி, நார்மாலிட்டி எல்லாம் படித்தீர்களே, இதெல்லாம் நமக்கு எதுக்கு என்று அப்போது நினைத்தவர்கள் கையைத் தூக்குங்கள்." முக்கால்வாசிக் கைகள் மேலே போகும். நானும் என் கையைத் தூக்குவேன். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு மாதம் இருக்கும். மெடிக்கல் வார்டில் இரவு டியூட்டி. வயிற்றுப்போக்கோடு வந்திருந்த ஒரு அம்மாவுக்குப் பொட்டாசியம் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போனார்: 500 மி.லி. சலைனில் 20 மில்லி ஈக்குவலன்ட் கே.சி.எல்., இரண்டு மணி நேரத்தில். நான் எடுத்த ஆம்ப்யூலில் "10 மி.லி., 15 சதவீதம்" என்று போட்டிருந்தது. மில்லி ஈக்குவலன்ட் என்ற பேச்சே அதில் இல்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்பார்களே என்ற கூச்சம். 15 என்றால் 15 மில்லி ஈக்குவலன்ட்தானே, 20 வேண்டுமானால் ஒன்றோடு இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு என்று நானே முடிவுகட்டி, இரண்டாவது ஆம்ப்யூலின் கழுத்தையும் உடைத்துவிட்டேன்.

பஞ்சு கேட்டு வந்த பக்கத்து வார்டு சிஸ்டர் ட்ரேயைப் பார்த்துவிட்டு நின்றார். "ரெண்டாவது எதுக்கும்மா?" என் கணக்கைக் கேட்டவர் திட்டவில்லை. ஊசி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் உட்புறத்தில் எழுதிக் காட்டினார். 15 சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 15 கிராம். அப்படியானால் 10 மி.லி.யில் ஒன்றரை கிராம், அதாவது 1500 மி.கி. பொட்டாசியத்தின் அணு எடை 39, குளோரினுக்கு 35.5, இரண்டும் சேர்ந்து 74.5. 1500-ஐ 74.5-ஆல் வகுத்தால் 20. அது மில்லிமோல். பொட்டாசியம் அயனிக்கு ஒரே ஒரு மின்சுமை என்பதால் மில்லி ஈக்குவலன்டும் அதே 20. ஒரு ஆம்ப்யூல் போதும்.

நான் கலக்க இருந்தது கிட்டத்தட்ட 27. மணிக்கு 13 வீதம் ஏறியிருக்கும்; சாதாரண வார்டில் மணிக்கு 10 என்பதுதான் வழக்கமான எல்லை. "இதனால அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்று சிஸ்டரே சொன்னார். எனக்கு வேர்த்தது வேறு காரணத்தால். சதவீதத்தையே மில்லி ஈக்குவலன்ட் என்று நினைத்துக்கொண்டு இன்னும் எத்தனை மாதம் ஓட்டியிருப்பேனோ!

அதே ஒன்றரை கிராம் கே.சி.எல். உங்கள் வார்டில் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் மாற்றியமைத்த கலவை அது: சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். ஆம்ப்யூலில் இருப்பதும் பொட்டலத்தில் இருப்பதும் அதே 20 மில்லிமோல் பொட்டாசியம். பொட்டலத்தைக் கரைத்துத் தாய் குழந்தைக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டுகிறாள். ஆம்ப்யூலைக் கலக்காமல் நேரே நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். வளர்ந்த ஒருவருக்குப் பிளாஸ்மா சுமார் 3 லிட்டர். லிட்டருக்கு 4 மில்லிமோல் பொட்டாசியம் என்று வைத்தால் மொத்தமே 12. உங்கள் கையில் உள்ள சின்ன ஆம்ப்யூலில் அதைவிட அதிகம் இருக்கிறது. ஒரு கைப்பிடி உப்பு கல்யாண வீட்டு அண்டாச் சாம்பாருக்குக் காணாது, கிண்ணத்து ரசத்தை வாயில் வைக்க விடாது. மருந்தின் அளவு ஒரு கேள்வி, அது எவ்வளவு நீரில் கரைந்திருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

அந்தப் பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், எனக்குப் பிடித்த கணக்கு அது. கிராமில் பார்த்தால் உப்பு 2.6, சர்க்கரை 13.5; ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாத எண்கள். மில்லிமோலுக்கு மாற்றுங்கள். 2.6-ஐ 58.5-ஆல் வகுத்தால் சோடியம் 44-க்குச் சற்று மேல். சிட்ரேட்டில் மூன்று சோடியம் உண்டு. அது கிட்டத்தட்ட 30 தரும். இரண்டும் சேர்ந்து 75-ஐத் தொடும். குளுக்கோஸ் 13.5 கிராமை 180-ஆல் வகுத்தால் அதுவும் 75. சோடியமும் குளுக்கோஸும் குடல் சுவரில் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு உள்ளே ஏறுபவை, தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். அதற்காகத்தான் இரண்டையும் எண்ணிக்கையில் சமமாக வைத்தார்கள். பழைய கலவையில் சோடியம் 90, குளுக்கோஸ் 111, மொத்த ஆஸ்மோலாரிட்டி 311. இப்போது அது 245. கிராம் தராசுக்குத் தெரிந்த மொழி. உடம்பு துகள்களை எண்ணிப் பார்க்கிறது. மோல் என்ற அலகின் பயன் அவ்வளவுதான்.

மில்லி ஈக்குவலன்ட் என்பது அந்த எண்ணிக்கையோடு மின்சுமையையும் பெருக்கிச் சொல்வது. சோடியம், பொட்டாசியம் இரண்டுக்கும் சுமை ஒன்று, ஆகவே மில்லிமோலும் மில்லி ஈக்குவலன்டும் ஒன்றே. கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் இரண்டு. ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 10 மி.கி. என்று லேப் சொன்னால், லிட்டருக்கு 2.5 மில்லிமோல் அல்லது 5 மில்லி ஈக்குவலன்ட். மூன்று எண்ணும் ஒரே ரத்தத்தைத்தான் சொல்கின்றன. அலகு எழுதாமல் வெறும் "5" என்று போனில் சொல்லும் லேப்காரரிடம் "என்ன 5?" என்று தயங்காமல் கேளுங்கள்.

சரி, மகப்பேறு வார்டுக்கு வருவோம். கைகால் வெட்டி இழுத்துக்கொண்டு ஒரு கர்ப்பிணி உள்ளே வந்தால் முதலில் தேடுவது மக்னீசியம் சல்ஃபேட். 2 மி.லி. ஆம்ப்யூல், 50 சதவீதம். மி.லி.க்கு 500 மி.கி., ஆக ஆம்ப்யூலுக்கு ஒரு கிராம். பிரிட்சார்டு முறையில் முதலில் 4 கிராமை 20 சதவீதக் கரைசலாக்கி நரம்பில் மெதுவாகக் கொடுக்க வேண்டும். பிறகு 5 கிராம் வீதம் இரண்டு பிட்டத்திலும் 50 சதவீதமாகவே. நரம்புக்கான கணக்கு: நாலு ஆம்ப்யூல், 8 மி.லி. அதை 20 சதவீதமாக்க மொத்தம் 20 மி.லி. ஆக வேண்டும், எனவே 12 மி.லி. சலைன் சேர்க்க வேண்டும்.

என் மாணவிகள் இதில் இரண்டு விதமாகத் தவறியதைப் பார்த்திருக்கிறேன். 8 மி.லி.யோடு 20 மி.லி. சலைனைச் சேர்ப்பவர்கள் ஒரு வகை. கரைசல் 14 சதவீதமாகிவிடும். நோயாளிக்குப் போவது அதே 4 கிராம்தான் என்பதால் பெரிய சேதமில்லை. இன்னொரு வகைதான் பயங்கரம். "20 மி.லி. மக்சல்ஃப்" என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பத்து ஆம்ப்யூலை உடைத்து 20 மி.லி. சிரிஞ்சை நிரப்புவது. 4 கிராம் போக வேண்டிய நரம்பில் 10 கிராம். மூச்சு நின்றுவிடும். நான் பார்த்தது வகுப்பறையில், பொம்மைக்கு முன்னால். ஆனாலும் அந்தப் பெண் அன்று மதியம் சாப்பிடவில்லை.

முறிமருந்தாக அதே ட்ரேயில் கால்சியம் குளுக்கோனேட் வைத்திருப்பீர்கள்: 10 சதவீதம், 10 மி.லி., ஒரு கிராம். இந்த ஒரு கிராம் குளுக்கோனேட்டில் உள்ள அசல் கால்சியம் 90 மி.கி. அளவுதான், மீதியெல்லாம் குளுக்கோனேட்டின் எடை. அதே 10 சதவீதக் கால்சியம் குளோரைடு 10 மி.லி.யில் சுமார் 270 மி.கி. சதவீதமும் அளவும் ஒன்று, கால்சியம் மூன்று மடங்கு. இரண்டையும் மாற்றி எடுத்துவிட்டு "ரெண்டும் 10 பர்சன்ட்தானே" என்று சொல்லக் கூடாது. சோடியம் பைகார்பனேட்டிலும் இப்படி ஒரு சின்ன வம்பு: வெளிநாட்டுப் புத்தகத்தில் இருப்பது 8.4 சதவீதம், அதில் மி.லி.க்குச் சரியாக ஒரு மில்லி ஈக்குவலன்ட். நம் ஊரில் வழக்கமாகக் கைக்கு வரும் 7.5 சதவீதத்தில் 0.9-க்குக் கொஞ்சம் குறைவு.

"நார்மல் சலைன்" என்ற பெயரை வைத்தவர் யாரோ, பரீட்சை எழுதும் பிள்ளைகளின் சாபமெல்லாம் அவருக்குத்தான். நார்மாலிட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு நார்மல் உப்புக் கரைசல் வேண்டுமென்றால் லிட்டருக்கு 58.5 கிராம் போட வேண்டும், அதாவது 5.85 சதவீதம். நம் பாட்டிலில் இருப்பது 0.9 சதவீதம், லிட்டருக்கு 9 கிராம். 58.5-ஆல் வகுத்தால் 0.154, சோடியம் 154, குளோரைடு 154. ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை, குளோரைடு நூறை ஒட்டி. ஆக அந்தப் பாட்டில் ரத்தத்துக்குக்கூட அத்தனை "நார்மல்" இல்லை. 3 சதவீத சலைனில் லிட்டருக்கு 513. இரண்டு பாட்டிலும் பார்க்கத் தண்ணீர்தான். ஒரே அலமாரித் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். வைத்திருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள்.

விகிதம் என்று ஒன்று உண்டு, எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. அட்ரினலின் ஆம்ப்யூலில் 1:1000 என்று இருக்கும். 1000 மி.லி.யில் ஒரு கிராம் என்று பொருள், அதாவது மி.லி.க்கு 1 மி.கி. ஒவ்வாமையில் சரிந்து விழும் பெரியவருக்குத் தசையில் 0.5 மி.கி., அரை மி.லி. இதயம் நின்றவருக்கு நரம்பில் 1 மி.கி.; அதை 1:10000 கரைசலாகக் கொடுப்பார்கள், 10 மி.லி. நம்மிடம் உள்ள 1 மி.லி. ஆம்ப்யூலோடு 9 மி.லி. சலைன் சேர்த்தால் அது கிடைக்கும். பத்தாயிரம் என்ற எண் பெரிதாக இருப்பதால் அதுதான் வீரியம் கூடியது என்று பதற்றத்தில் நினைத்துவிடுவோம். அது பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் 2016 மே மாதத்திலிருந்து தனி அட்ரினலின் லேபிளில் விகிதம் போடுவதையே நிறுத்திவிட்டார்கள், மி.லி.க்கு இத்தனை மி.கி. என்பது மட்டும்தான். நாமும் நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. தையல் போடும் அறையில் ஒரே வயலில் லிக்னோகெய்ன் 2 சதவீதம், அட்ரினலின் 1:200000 என்று இரண்டு பாஷையில் எழுதியிருக்கும். முதலாவது மி.லி.க்கு 20 மில்லிகிராம், இரண்டாவது மி.லி.க்கு 5 மைக்ரோகிராம். எழுதியவருக்கும் இதைப் படிக்கும்போது தலை சுற்றியிருக்கும்.

தரை துடைக்கும் ஹைப்போகுளோரைட்டில்கூட விகிதம் சண்டை மூட்டும். 5 சதவீதத்தை 1 சதவீதமாக்க ஒரு பங்கு மருந்துக்கு நாலு பங்கு தண்ணீர். சுவரில் "1:4" என்று ஒட்டியிருந்தால், ஒருவர் நாலு பங்கு தண்ணீர் ஊற்றுவார், இன்னொருவர் மொத்தம் நாலு பங்காக்கி நிறுத்திவிடுவார். "ஒரு மக் மருந்து, நாலு மக் தண்ணீர்" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். துடைக்கும் அக்காவுக்குப் புரிய வேண்டும், உங்களுக்கல்ல.

இன்சுலினைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் இந்தக் கணக்கு வார்டோடு முடிவதில்லை, நோயாளியின் வீட்டுக்கும் போகிறது. நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவில் புழங்குகிறது. மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயல்கள், மி.லி.க்கு 100 யூனிட் உள்ள பேனா கார்ட்ரிட்ஜ்களும் சில வயல்களும். சிரிஞ்சும் அப்படியே: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. சிரிஞ்சின் கோடுகள் யூனிட் என்று சொன்னாலும் உண்மையில் அவை கன அளவு. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 என்ற கோடு 0.25 மி.லி. அதில் 100 யூனிட் மருந்தை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சின் 10-ஆம் கோடு 0.1 மி.லி.; அதில் 40 யூனிட் மருந்தை எடுத்தால் 4 யூனிட்தான் போகும். முதலாமவர் நடுராத்திரி சர்க்கரை இறங்கி மயங்குவார். இரண்டாமவர் "ஊசி போட்டும் குறையலையே" என்று மாதக்கணக்கில் அலைவார்.

பேனா ரிப்பேர் ஆகிவிட்டது, கார்ட்ரிட்ஜில் மருந்து வீணாகிறதே என்று அதிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சும் குடும்பங்கள் இருக்கின்றன. சிக்கனம் நம் ரத்தத்தில் ஊறியது, யாரையும் குறை சொல்வதற்கில்லை. டிஸ்சார்ஜ் அன்று, மருந்துச் சீட்டைக் கையில் திணிப்பதற்கு முன், "சிரிஞ்சு மூடி என்ன கலர்மா? பாட்டில்ல என்ன நம்பர் போட்டிருக்கு, படிங்க" என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பாட்டிலையும் சிரிஞ்சையும் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் அங்கே போய்வந்து நீட்டும் ரிப்போர்ட்டில் சர்க்கரை "7" என்று இருக்கும். அலறவோ மகிழவோ வேண்டாம். லிட்டருக்கு 7 மில்லிமோல். 18-ஆல் பெருக்குங்கள், 126. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180 என்பதிலிருந்து வருவது அந்த 18. கிரியாட்டினினுக்கு அதே 18-ஐப் போடாதீர்கள், அங்கே மி.கி. ஒன்றுக்கு 88.4 மைக்ரோமோல். ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் எடை, அதனதன் எண்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. நானும் செய்யவில்லை. ஆம்ப்யூலை உடைப்பதற்கு முன் அதில் போட்டிருப்பது சதவீதமோ விகிதமோ எதுவானாலும், மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று ஒரு தாளில் எழுதுங்கள். சதவீதம் என்றால் பத்தால் பெருக்கினால் போதும்: 2 சதவீதம் 20 மி.கி., 15 சதவீதம் 150 மி.கி. டாக்டர் எழுதியதையும் அதே அலகுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வகுத்துப் பாருங்கள். விடை மூன்று ஆம்ப்யூலுக்கு மேல் வந்தால் கை நிற்கட்டும். மக்சல்ஃப் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர, வழக்கமான ஒரு டோஸுக்கு அத்தனை ஆம்ப்யூல் உடைக்க வேண்டி வராது. கே.சி.எல்., இன்சுலின், மக்சல்ஃப், ஹெப்பாரின் என்றால் பக்கத்து வார்டு சிஸ்டரையும் கணக்குப் போடச் சொல்லுங்கள். உங்கள் தாளைக் காட்டாமல் கேளுங்கள். காட்டினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், நானே பல முறை அப்படித் தலையாட்டியிருக்கிறேன்.

சீனியர் சிஸ்டர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுப் பெண் வந்து "அக்கா, இது எத்தனை மி.கி.?" என்று கேட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த இரவு எனக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் சுளித்திருந்தால், அடுத்த முறையும் நான் கேட்காமலேயே உடைத்திருப்பேன்.

கடிதத்தை ஒரு கணக்கோடு முடிக்கிறேன், டீச்சர் புத்தி போகாது. பச்சிளங்குழந்தை வார்டில் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் தீர்ந்துவிட்டது. கையில் இருப்பது 25 சதவீதமும் 5 சதவீதமும். 100 மி.லி. 10 சதவீதம் வேண்டும். எதில் எவ்வளவு எடுப்பீர்கள்? தாளில் போடுங்கள். விடையை எனக்கு அனுப்ப வேண்டாம்; இன்று உங்களோடு டியூட்டியில் இருப்பவரையும் போடச் சொல்லி, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சரம்மா